லைலின் வில்லில் இருந்த சத்தம்

லைல் ஹெய்க்கினன் வாயைத் திறந்து பேசி எங்கள் ஊரில் யாருமே கேட்டதில்லை என்று சொன்னால் அது கொஞ்சம் மிகை. தேவாலயத்தில் ஆமென் சொல்வான். உணவகத்தில் இறைச்சி அடைத்த பாஸ்டி ரொட்டி ஒன்று வேண்டும் என்று கேட்பான். அதற்கு மேல் அவனிடம் ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நமக்கு மூச்சு முட்டிவிடும். குளிர்காலம் முழுக்கச் சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவனுக்குப் பேச்சுத் துணை ஏது? அவன் மனைவி கார்லா, "உன்னோட வாழறதுக்கு ஒரு வேலிக்கம்பத்தைக் கட்டிக்கிட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அரிசோனாவில் இருக்கும் அக்கா வீட்டோடு போய்விட்டாள். சண்டை என்று எதுவும் இல்லை. சண்டை போடவும் இரண்டு பேர் பேச வேண்டுமே.

அவனுக்கு மிச்சம் இருந்தது ஒரு வில்லும், சதுப்பு ஓரத்து சீடர் மரக் காடும்தான். கப்பி வைத்த காம்பவுண்ட் வில். அக்டோபர் பிறந்துவிட்டால் வேலை முடிந்த கையோடு காட்டுக்குப் போய், மரத்தில் கட்டிய இருக்கையில் ஏறி, பொழுது சாயும்வரை உட்கார்ந்திருப்பான். மான் கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, இறங்கி வரும்போது முகம் தெளிந்திருக்கும்.

போன வருஷம் அந்தத் தெளிவு போயிற்று. அவன் அம்பு விட்ட நொடியில் ஒரு பெண்மான் பாய்வதற்காகக் குனிந்துவிட்டது. நெஞ்சுக்குக் குறிவைத்த அம்பு முதுகில் தைத்தது. ரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு இருட்டும்வரை தேடினான், மறுநாளும் தேடினான். கடைசியில் காக்கைகள்தான் இடத்தைக் காட்டிக்கொடுத்தன. ஓநாய்கள் மிச்சம் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். இன்னொரு மானை இப்படிச் சித்திரவதை செய்தால், வில்லை விற்றுவிட்டு இந்தக் காட்டுப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்தான். ஆனால் காட்டையும் விட்டால் அவன் போக வேறு இடமில்லை.

நாண் போடும் சத்தம்தான் மானை மிரட்டுகிறது என்று இந்த வருஷம் வில்லை ட்ரூடியிடம் கொண்டுபோனான். எங்கள் ஊரில் வில்லுக்கு வைத்தியம் பார்ப்பவள் அவள். அவனோடு பள்ளியில் படித்தவள், வாய்த்துடுக்குக்காரி.

"சத்தம் போடுதா? உன் கையில இருக்கிற வில்லாய்யா?" என்றாள் ட்ரூடி. "உன் குணம் அதுக்குக் கொஞ்சமாவது ஒட்டியிருக்க வேணாம்?"

"போடுது," என்றான் லைல்.

அவள் குறை வைக்கவில்லை. நாணில் ரப்பர் குஞ்சங்கள் கட்டினாள். வில்லின் இரண்டு கைகளிலும் அதிர்வை விழுங்கும் ரப்பர் குமிழ்களை ஒட்டினாள். அம்பு உரசும் இடத்தில் கம்பளித் துணி, கப்பிக்கு எண்ணெய், நாணுக்கு மெழுகு, ஆடிக்கொண்டிருந்த திருகாணிகளுக்கு ஒரு முறுக்கு.

"அம்பையும் கனமா மாத்து," என்றாள். "கனமான அம்பு வில்லோட விசையை நிறைய வாங்கிக்கிட்டுப் போயிடும். அது வாங்காம விட்ட மிச்சம்தான் சத்தமா வெளிய வருது."

கடைக்குப் பின்னால் விட்டுப் பார்த்தார்கள். தலையணையைத் தட்டியது போல ஒரு சத்தம், அவ்வளவுதான்.

ஆனால் காட்டில் கதை மாறவில்லை. வந்த மான்கள் எல்லாம் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றன. ஒரு தடவை மனம் கேட்காமல் அம்பை விட்டான். மான் குனிந்தது, அம்பு அதன் மேலாகப் போய்ச் சேற்றில் சொருகியது. தப்பித்தது மானா, தானா என்று அவனுக்கே விளங்கவில்லை. மறுபடி ட்ரூடி கடை வாசலில் நின்றான்.

"இன்னும் இருக்கு."

ட்ரூடிக்கு ரோஷம் வந்துவிட்டது. "பின்னால நிக்கிற உனக்கு ஒரு மாதிரி கேக்கும், முன்னால நிக்கிற மானுக்கு வேற மாதிரி கேக்கும். மான் நிக்கிற இடத்துல காதை வைக்கணும்யா," என்று சொல்லி, ஏதாவது நடமாட்டம் தெரிந்தால் தானே ஓடுகிற ஒரு காட்டு கேமராவைக் கொடுத்தாள். சத்தத்தையும் பிடிக்கும். அதை அவன் மான்தடத்தின் ஓரத்து மரத்தில் கட்டினான். அன்றைக்கும் ஒரு பெண்மான் வந்து, தலையைத் தூக்கி அவன் பக்கமே பார்த்தது. அவன் நாணை இழுத்து, அம்பை விடாமலே மெல்லத் தளர்த்திக்கொண்டான்.

மறுநாள் கடையில் வேறு யாரும் இல்லை. இருவரும் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். பெண்மான் குனிந்து மேய்கிறது. மேலே எங்கிருந்தோ தாழ்ந்த குரலில் ஒரு ஆள் பேசுகிறான்.

"சூப்புல உப்பு ஜாஸ்தி. நான்தான் போட்டேன், யாரைக் குத்தம் சொல்றது..." பேச்சு நின்றது. பிறகு, "ஆமா, ஆமா. லாரி ஹீட்டர் இன்னும் அப்படியேதான் கெடக்கு. சொன்னா எவன் கேக்கறான்?" மறுபடியும் நின்றது. மான் காதைத் திருப்பியது. "இந்தா, வந்துட்டா பாரு. அழகிதான், இல்ல?" மான் தலையைத் தூக்கியது.

"யாருய்யா உன்கூட வந்தது?" என்றாள் ட்ரூடி.

"யாரும் வரல."

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று அவனுக்குப் புரிந்தது. காதுமடல் எரிந்தது.

"அடப்பாவி, இத்தனை வருஷத்துல என்கிட்ட நீ இவ்ளோ பேசினதில்லையே!" என்று சிரிக்கப் பார்த்தாள் ட்ரூடி. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவன் பேச்சைவிட அந்த இடைவெளிகள்தான் அவளை என்னவோ செய்தன. ஒவ்வொன்றும், எதிரில் ஒருவர் பதில் சொல்லி முடிக்கும் அளவுக்கு நீளம்.

"வில்லு மேல தப்பில்ல, லைல்," என்றாள் மெதுவாக. "மான் முன்னாடியே உன் பேச்சைக் கேட்டு உஷாரா நிக்குது. உஷாரா நிக்கிற மான் எந்தச் சத்தத்துக்கும் குனியும்."

"அப்போ போன வருஷம் அந்தப் பெண்மானும்..." என்றான் லைல்.

"அது உனக்குத் தெரியாதுல்ல. விடு." அவள் கேமராவை மூடினாள். "சும்மாவாவது கடைப்பக்கம் வாய்யா. காபி எப்பவும் இருக்கும்."

அவளிடம் எத்தனையோ சொல்ல நினைத்தான். "ம்" என்று மட்டும் வந்தது.

மறுநாள் மாலை மரத்தில் ஏறியதும் கழுத்துத் துணியை வாய்க்குமேல் இழுத்துக் கட்டிப் பல்லால் கடித்துக்கொண்டான். துணிக்கு அடியில் உதடு அசையப் பார்த்தது. ஒவ்வொரு தடவையும் இன்னும் இறுகக் கடித்தான். கொம்புமான் ஒன்று வந்தது. மேய்ந்துகொண்டே வந்தது, தலையைத் தூக்கவே இல்லை. அவன் விட்டான். அது குனியவில்லை. கொஞ்ச தூரம் ஓடி, முழங்கால் மடங்கி விழுந்து, அடங்கிவிட்டது. ஒரு வருஷமாக அவன் வேண்டிக்கொண்டிருந்த சுத்தமான அடி.

வேட்டை வழக்கப்படி உடனே இறங்கக்கூடாது, சற்றுப் பொறுக்க வேண்டும். துணியை இறக்கிவிட்டான். இனிமேல் பேசினால் யாருக்கும் நஷ்டமில்லை. நல்ல மான், வலியில்லாமல் போயிற்று என்று சொல்லலாமே என்று வாயைத் திறந்தான். யாரோ பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்பது போல வெட்கமாக இருந்தது. இருமிப் பார்த்தான். மறுபடி வாயைத் திறந்து காத்திருந்தான். வழக்கமாகப் பதில் வருகிற பக்கத்திலிருந்தும் ஒன்றும் வரவில்லை. கார்லா போனபோதுகூட அவன் அழுததில்லை. இப்போது அழுதான், அதையும் சத்தம் வராமல்.

இத்தனை வருஷம், அந்தப் பேச்சு இருந்தவரை, அவன் அந்தக் காட்டில் ஒரு நாள்கூடத் தனியாக இருந்ததில்லை. வெளிச்சம் போவதற்குள் இறங்கி, மானின் கொம்பில் கயிற்றைக் கட்டி, வண்டிவரை ஒண்டியாக இழுத்துக்கொண்டு போனான்.