நாய்ப் பங்கு

காலை ஆறு மணி. வாசல் தெளிக்க வந்த அம்மாவின் பின்னால் நின்று நான் முதலில் பார்த்தது, பெரியப்பா வேர்க்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லையில் கூடியிருந்த ஆட்களை. அவர்கள் நடுவே ஒரு காட்டுப்பன்றி கால் விறைத்துக் கிடந்தது. அங்கே ஒரு நாயும் இல்லை. எங்கள் நாய் ராஜாவும் இரவு முழுக்க வாசலில்தான் படுத்திருந்தான்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. விக்கிரவாண்டிக்கு மேற்கே, ஊரை விட்டுத் தள்ளி நிலத்திலேயே எங்கள் வீடு. அப்பா இறந்த பிறகு அம்மாவும் நானும் ராஜாவும்தான். கிணற்றுத் தண்ணீரை யார் எப்போது பாய்ச்சுவது என்று வந்த சண்டைக்குப் பின் பெரியப்பா அம்மாவோடு பேசுவதில்லை. பக்கத்துக் கொல்லையில் இருப்பவரே பேசாதபோது, ஊரார் அவ்வளவு தூரம் நடந்து வந்து பேசக் காரணம் இல்லை.

ஆனால் பன்றி வேட்டைக்கு ராஜா வேண்டும். ஏரிக்கரை முள்ளுக்காட்டில் பன்றியை மடக்கி, ஆட்கள் ஈட்டியோடு வந்து சேரும்வரை நகரவிடாமல் நிறுத்த அவனால்தான் முடியும். அதனால் பெரியப்பா எங்கள் வாசலுக்கு வருவார். வந்து நாயோடு பேசுவார்.

"இன்னாடா ராஜா, சாப்ட்டியா? வூட்ல எல்லாம் சவுக்கியமா?"

"சவுக்கியந்தான்னு சொல்லுடா" என்பாள் அம்மா, உள்ளேயிருந்து. ராஜா இரண்டு பேருக்குமாக வாலை ஆட்டுவான்.

கறியைக் கூறு போடும்போது, வேட்டைக்குப் போன ஒவ்வொரு நாய்க்கும் ஓர் ஆளுக்குரிய பங்கு உண்டு. அது நாயின் வீட்டுக்குப் போகும். எங்கள் வீட்டிலிருந்து வேட்டைக்குப் போன ஆண் ராஜாதான். அவன் பங்கை இலையில் கட்டிப் பெரியம்மா கொண்டுவருவாள். கொடுத்துவிட்டு உடனே போகமாட்டாள். அம்மாவோடு அடுப்பங்கரையில் உட்கார்ந்து, கறி வெந்து இறங்கும்வரை பேசுவாள். கறியைவிட அந்தப் பேச்சுச் சத்தம்தான் எனக்குப் பிடிக்கும்.

அன்று ராஜாவை இழுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். அவனைக் கண்ணால் பார்த்தால் பங்கு வைப்பார்கள், பெரியம்மா வருவாள் என்று நினைத்தேன்.

பன்றியை அறுத்துக்கொண்டிருந்த பங்காளி ஒருவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"இன்னா பாப்பா, நாய இஸ்துகினு வந்துட்ட? உங்க நாயா கடிச்சுது? கரண்ட்டு கடிச்சுது."

"பங்கு குடுக்கணும்னா கரண்ட்டு கம்பத்துக்குத்தான் குடுக்கணும்" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் கம்பியைப் பார்த்தேன். மோட்டார் கொட்டகையிலிருந்து இழுத்து, கொல்லையைச் சுற்றி முழங்கால் உயரத்தில் கட்டியிருந்தார்கள்.

பெரியப்பா சிரிக்கவில்லை. குனிந்து ராஜாவின் காதைப் பிடித்தார்.

"டேய், இனிமே பொழுது சாஞ்சா இந்தப் பக்கம் வராத. பாப்பாவையும் வரவுடாத. தெனம் ராத்திரி கம்பியில கரண்ட்டு வுடுவோம். புரிஞ்சுதா?"

நாயைத் திட்டுகிறார் என்றே நினைத்தேன். அழுதுகொண்டு வீட்டுக்கு வந்து, அவர் சொன்னதை அம்மாவிடம் ஒப்பித்தேன்.

"பாப்பாவையும்னு சொன்னாரா?" என்று கேட்டாள் அம்மா. ஆமாம் என்றேன். மறுபடியும் ஒருமுறை சொல்லச் சொன்னாள்.

"பெரியம்மா வருவாங்களாம்மா?"

"அவங்களுக்கு வேல இருக்கும்."

பொழுது சாய்வதற்கு முன்பே அம்மா ராஜாவைச் சங்கிலியில் கட்டினாள். அடுத்த வருடம் சுற்றியிருந்த கொல்லைகளிலும் கம்பி வந்தது. நாயோடு வேட்டைக்குப் போவது நின்றது. பெரியப்பா அதன் பிறகு எங்கள் வாசலுக்கு வரவில்லை.