நைனாவுக்குப் பிடித்த வசைப்பாட்டு

விடியும் முன்பே டீசல் புகையும் கருவாட்டு வாசனையும் கலந்து வீசும் எங்கள் திருவொற்றியூர்க் கரையில், இலத்தீன் பாட்டைக் கேட்டு வளர்ந்த பிள்ளை எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். அதைப் படித்துக் காட்டியவள் என் அக்கா மல்லிகா. கல்லூரியில் இலக்கியம் படித்த அவள், பழைய புத்தகக் கடையில் வாங்கிய ரோமானியப் பாட்டுப் புத்தகம் ஒன்றைக் கையை விட்டுக் கீழே வைக்கமாட்டாள். இடப்பக்கம் இலத்தீன், வலப்பக்கம் ஆங்கிலம். அதில் காதலிலும் பிரிவிலும் உருகும் பாட்டுகளும் உண்டு, வேண்டாதவனை நார்நாராகக் கிழிக்கும் வசைப்பாட்டுகளும் உண்டு. "நம்ம மீன் மார்க்கெட் ஆயாங்க தோத்தாங்க, போ" என்று சிரிப்பாள்.

அந்த வருஷம் 'நைனா', அதாவது எங்கள் அப்பா, அவள் படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவிடுவது என்று முடிவு செய்தார். அக்கா சோறு தண்ணி இல்லாமல் அழுதும் அவர் இறங்கி வரவில்லை. மறுநாள் கடலுக்குப் புறப்பட்டார். படகேறப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடுவதும், எப்போது வருவாய் என்று கேட்பதும் எங்கள் குப்பத்தில் ஆகாது. பெண்கள் வாய் திறக்காமல் நிற்போம். அக்கா கூப்பிடவில்லை, புத்தகத்தைத் திறந்து உரக்கப் பாட்டுப் படித்தாள். புரியாத பாஷை என்பதால் ஏதோ சாமி பாட்டு என்று எல்லோரும் கும்பிட்டார்கள். கானா என்றால் உயிரை விடும் நைனா, குறிலும் நெடிலுமாகத் துள்ளிய அந்தத் தாளத்தைப் படகின் விளிம்பில் விரலால் தட்டிக்கொண்டே சிரித்தபடி போனார். நான் மட்டும் கும்பிடவில்லை. முந்தின நாள்தான் அவள் அதன் அர்த்தத்தைச் சொல்லியிருந்தாள். பகைவன் ஏறிய கப்பலை உடைத்துப் போடு என்று காற்றையும் அலையையும் ஏவிவிடும் பாட்டு அது.

மத்தியானம் காற்று மாறியது. மற்ற படகுகள் திரும்பின, நைனாவின் படகு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அக்கா மணலில் உட்கார்ந்து, நண்பனைப் பத்திரமாகக் கரை சேர்க்கும்படி கப்பலிடம் கெஞ்சும் இன்னொரு பாட்டைத் தொண்டை கட்டும்வரை படித்தாள். அப்போது அவளுக்குப் படிப்பு வேண்டாம், அப்பா வந்தால் போதும்.

எஞ்சின் பழுதாகி எண்ணூர்ப் பக்கம் ஒதுங்கிய படகை வேறொரு படகு இழுத்து வந்தது. இறங்கியதும் நைனா அவள் தலையில் கை வைத்தார்.

"நீ சொன்ன மந்திரத்துக்குத் தாளம் போட்டுகினே கெடந்தேன். அதான் காப்பாத்துச்சு. நீ படிம்மா, கல்யாணம் அப்பால பாத்துக்கலாம்."

அடுத்த முறை அவர் கடலுக்குப் புறப்பட்டபோது அக்கா கெஞ்சும் பாட்டைத்தான் எடுத்தாள். படகில் கை வைத்தபடி நைனா வேண்டாமென்று தலையாட்டினார்.

"இது இல்லமா. அன்னிக்குச் சொன்னியே, அத்த சொல்லு."

அது சாபம் என்று சொல்லாமலே அக்கா பக்கத்தைப் புரட்டினாள். கண்ணீர் முட்ட, அந்தச் சாபத்தையே தாலாட்டு மாதிரி சொல்லி அனுப்பினாள். அவர் கடலுக்குப் போன காலம் முழுக்க அப்படித்தான் அனுப்பினாள், அவரும் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தார்.

இன்று அந்த மணல் இல்லை. கடல் தின்ற கரையில் கருங்கல் கொட்டிவைத்திருக்கிறார்கள். நைனாவும் இல்லை, வயதாகி வீட்டில்தான் கண்மூடினார். அக்கா ஒரு கல்லூரியில் அதே பாட்டை நடத்துகிறாள். கரும்பலகையில் 'வசைப்பாட்டு' என்று எழுதுவாளாம். எழுதி முடித்து, பிள்ளைகள் பக்கம் திரும்பும் முன் பலகையின் விளிம்பில் விரலால் அந்தத் தாளத்தைத் தட்டுவாளாம்.