ரேணுகாவும் தேடிக் கிடைக்காத ஒரு பெயரும்

ரேணுகா இறந்துவிட்டார் என்ற செய்தி ரேணுகாவின் எண்ணிலிருந்தே வந்தது. காலை ஏழு மணி. பால் பாக்கெட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். "ரேணுகா இன்று விடியற்காலை காலமானார். மாலை நான்கு மணிக்கு எடுக்கிறார்கள்" என்று அவருடைய படத்துக்குக் கீழேயே எழுத்து வந்து நின்றது. வேறொருவராக இருந்தால் உடனே கிளம்பியிருப்பார். எனக்கு வந்தது சந்தேகம். எவனோ அவருடைய போனைக் கைப்பற்றிக்கொண்டு விளையாடுகிறான், அடுத்ததாக ஏதாவது இணைப்பை அனுப்பி அழுத்தச் சொல்வான் என்று நினைத்தேன். "யார் நீங்கள்? என்ன ஆதாரம்?" என்று பதில் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "சேகர். ரேணுகாவின் அக்கா வீட்டுக்காரர்" என்று வந்தது. பின்னாலேயே மருத்துவமனைச் சீட்டின் படமும் வந்தது. நான்கே நாள் காய்ச்சலாம். துக்க வீட்டில் அழுதுகொண்டிருந்த மனிதரை ஒரு சீட்டைத் தேடிப் படம் எடுக்க வைத்தவன் நான். அதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்வதுதான் முறை.

அவரோடு வேலை செய்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரேணுகா பொதட்டூர்பேட்டை நெசவுக் குடும்பம். அப்பாவை நைனா என்றும் அக்கா கணவரைப் பாவா என்றும் கூப்பிடுகிற வீடு. நைனா போன பிறகு அக்கா வீட்டோடு இருந்தார். எங்கள் அலுவலகம் திருத்தணியில் மலையடிவாரத்தில், ஒரு பாத்திரக் கடைக்கு மேல்மாடி. விசைத்தறியில் பொருத்துகிற பெட்டி செய்கிறோம். நூல் அறுந்தால் அது தறியை நிறுத்தும், எவ்வளவு நெய்தது என்று காட்டும். உள்ளே இருப்பது ஒரு சின்னக் கம்ப்யூட்டர்தான். அதை இயக்குகிற அடிப்படை மென்பொருளுக்குக் கெர்னல் என்று பெயர். அது நாங்கள் எழுதியதல்ல. உலகத்தில் யார் யாரோ எழுதியது, அதன்மேல் அந்தக் கம்ப்யூட்டரின் சிப்பை விற்றவன் தன் பங்குக்குச் சேர்த்துக் கொடுத்தது. ஆயிரக்கணக்கான கோப்புகள். அந்தக் காட்டுக்குள் ஒரு பெயர் எங்கே இருக்கிறது என்று தேடுவதே எங்கள் பிழைப்பில் பாதி. ஒன்பது வருடம் அவருக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து நானும் தேடினேன்.

எனக்குச் சந்தேக புத்தி என்று எல்லாருக்கும் தெரியும். அவருடையது வேறு வகை. நான் ஆட்களைச் சந்தேகப்படுவேன், அவர் சொல்லப்பட்ட விஷயத்தைச் சந்தேகப்படுவார். "பெட்டியை மூன்று மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டேன்" என்று நான் சொன்னால் எழுந்து வந்து, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் பெட்டியின்மேல் புறங்கையை வைப்பார். சூடாக இருந்தால் தன் இடத்துக்குப் போய்விடுவார். ஜில்லென்று இருந்தால், "மூணு மணி நேரமாங்க சார்?" என்று மட்டும் கேட்பார். இரண்டு முறை மாட்டியிருக்கிறேன்.

ஒருமுறை நான் இரண்டு நாள் ஒரு பெயரைத் தேடிக் கிடைக்காமல், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். அவர் வந்து, கெர்னலில் எல்லாப் பக்கமும் இருக்கிற ஒரு சாதாரணப் பெயரைத் தட்டித் தேடினார். அதுவும் வரவில்லை. நான் தேடிக்கொண்டிருந்தது காலியான வேறொரு கோப்புறையில். அன்றைக்குச் சொன்னார்: "இருக்குதுன்னு அது சொன்னா நம்பலாம் சார். இல்லைன்னு சொன்னா, அது பாக்கலைன்னு அர்த்தம்." அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் மண்டையில் ஏறவில்லை.

இனி நான் எழுத வந்த விஷயம்.

நான்கு வருடங்களுக்கு முன்பு, பொதட்டூர்பேட்டைத் தறிக்கூடங்களில் எங்கள் பெட்டிகள் தாமாகத் தறியை நிறுத்தத் தொடங்கின. நூல் அறுந்து நின்றால் மணி அடிக்கும், விளக்கு எரியும். இது சத்தமே இல்லாமல் நின்றது. பாவு நூல் அறுந்ததா, பெட்டி செத்ததா என்று தெரியாமல் நெசவாளிகள் திண்டாடினார்கள். முதலாளி ஜெயவேலுக்கு நாளெல்லாம் போன். ஒரு பெட்டியைக் கழற்றிவந்து அதன் பதிவைப் படித்தேன். நின்ற கணத்தில் கெர்னலுக்குள் ஓடிக்கொண்டிருந்த வேலையின் பெயர் அதில் இருந்தது: மோட்டார்_ஹால்ட்_சைலன்ட். மோட்டாரைச் சத்தமில்லாமல் நிறுத்து என்று பொருள்.

அந்தப் பெயரைக் கெர்னல் முழுக்கத் தேடினேன். ஒரு வரி கூட வரவில்லை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று மாற்றித் தேடினேன், வரவில்லை. ரேணுகா சொல்லிக்கொடுத்தபடி சாதாரணப் பெயர் ஒன்றைத் தேடினேன், அது கொட்டியது. ஆக, தேடல் சரி, இடமும் சரி. பெட்டிக்குள் இருக்கிற பெயர், எழுதிவைத்த மூலக் கோப்புகளில் இல்லை. அந்தக் கோப்புகளை ஒன்றுசேர்த்துப் பெட்டியில் ஓடுகிற கெர்னலாகக் கட்டித் தருகிறவர் ரேணுகா ஒருவர்தான். அவர் நடுவில் எதையோ நுழைத்துக் கட்டியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதும் பிடித்துக்கொண்டது.

பிறகு பார்த்ததெல்லாம் அதற்குச் சாட்சி. சேகர் பாவாவுக்குத் தொழிலே தறிக்கூடங்களில் பெட்டி பழுது பார்ப்பது. பெட்டி நின்றால் அவருக்கு வேலை. போதாதா? ரேணுகா தினமும் மத்தியானம் மாடிப்படியில் நின்று அவரோடு தெலுங்கில் பேசுவார். எனக்கு அரைகுறைத் தெலுங்கு. "ஆகிப்போயிந்தா?" என்று கேட்டது காதில் விழுந்தது, நின்றுவிட்டதா என்று. என்னைப் பார்த்ததும் பேச்சை முடித்துக்கொண்டார். ஒரு நாள் அவர் சாப்பிடப் போன நேரத்தில் அவருடைய கம்ப்யூட்டரில் இருந்த மூலத்தை அப்படியே நகலெடுத்துத் தேடினேன். அதிலும் இல்லை. இல்லை என்றால் சந்தேகம் தீர வேண்டும் அல்லவா? எனக்கு முற்றியது. கட்டி முடித்தபின் அழித்துவிட்டார், கைகாரி என்று நினைத்தேன். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். எனக்கு அன்று காணாததும் மஞ்சள்.

அவரிடம் நேரே கேட்டிருக்கலாம். எதிர் மேசை, நான்கடி தூரம். கேட்காமல் முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

ஜெயவேல் ரேணுகாவையும் என்னையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான் சொன்னதை ரேணுகாவிடம் தன் வாயால் சொன்னார். ரேணுகா என்னை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். முதலாளிக்குக் கம்ப்யூட்டர் நுணுக்கம் தெரியாது, தெரிந்தது ஒரே வழி. எங்கள் ஊரில் ஒருவர்மேல் பழி வந்தால் மலைக்கு அழைத்துப்போய் முருகன் சந்நிதிக்கு வெளியே கற்பூரத்தை ஏற்றி, அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்வார்கள். பொய்ச் சத்தியம் குடும்பத்தை விடாது என்று பயம். செய்துவிட்டால் பேச்சு அத்தோடு சரி. நாளைக் காலையில் மலைக்கு வா என்றார் முதலாளி.

ரேணுகா மாட்டேன் என்றார்.

"மடியில கனம் இல்லைன்னா வழியில என்னம்மா பயம்?" என்றார் முதலாளி.

"பயம் இல்லீங்க. நான் சத்தியம் பண்ணிட்டா அந்தப் பேரு பெட்டியில இருந்து போயிடுமா? தறி நின்னுகினுதான் இருக்கும். அப்புறம் யாரைக் கூட்டினு போவீங்க?"

சத்தியத்துக்கு மறுத்ததும் எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. வெட்கத்தோடு எழுதுகிறேன். நான் நினைத்தது சரி என்ற சந்தோஷம்.

ரேணுகா என் மடிக்கணினியைக் கொண்டுவரச் சொன்னார். தான் உட்காரவில்லை. "நீங்களே தட்டுங்க சார். நான் தொட்டா, அப்பவே நொழைச்சிட்டேன்னு சொல்லுவீங்க" என்றார். பெயரை முழுசாகத் தேடாமல், கடைசிச் சொல்லை வெட்டிவிட்டு முன்பாதியை மட்டும் தேடச் சொன்னார். தட்டினேன். ஒரே ஒரு வரி வந்தது. சிப் விற்றவன் கொடுத்த கோப்பில், நாங்கள் யாரும் திறந்தே பார்க்காத ஒன்றில், மோட்டார்_ஹால்ட்_ என்பதோடு பெயர் நின்றது. பின்னால் வருகிற சொல்லை இதோடு ஒட்டிக்கொள் என்ற குறி மட்டும் இருந்தது. கொஞ்சம் கீழே தனித்தனி வரியாக மூன்று சொற்கள்: பஸ்ஸர், லாம்ப், சைலன்ட். மணி அடித்து நிறுத்த ஒன்று, விளக்கு எரித்து நிறுத்த ஒன்று, சத்தமில்லாமல் நிறுத்த ஒன்று. கெர்னலைக் கட்டும்போதுதான் இரண்டு துண்டும் சேர்ந்து முழுப் பெயராகிறது. முழுப் பெயரை எந்த மனிதனும் எங்கேயும் எழுதவில்லை. எழுதாததை எத்தனை நாள் தேடினாலும் எப்படிக் கிடைக்கும்?

அதோடு விடவில்லை அவர். கட்டும் வேலையைப் பாதியில், துண்டுகள் ஒட்டிய இடத்தில் நிறுத்தி, வந்த கோப்பில் தேடச் சொன்னார். முழுப் பெயர் அங்கே இருந்தது. "நூலு அடுக்கி வெச்ச எடத்துல சேலையைத் தேடிகினு இருந்தீங்க சார்" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

பிறகு பையிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்தார். எந்தக் கூடத்தில் எந்தத் தறி எத்தனை மணிக்கு நின்றது என்று பாவாவிடம் தினமும் கேட்டுக் குறித்து வைத்திருந்தார். எல்லாம் சாயங்காலம், மின்சாரம் இறங்குகிற நேரம். மின்னழுத்தம் குறைந்தால் சத்தமில்லாமல் நிறுத்து என்று சிப் விற்றவன் எழுதிவைத்திருந்ததுதான் விஷயம். எது நிறுத்துகிறது என்று அவரும் தேடிக்கொண்டுதான் இருந்தார். படிக்கட்டில் பேசியது அதைத்தான். முதலாளி, "சரி விடும்மா, மனசுல வெச்சிக்காதே" என்று சொல்லிவிட்டுக் காபி வரவழைத்தார். கடைசியில் என் வாயிலிருந்து வந்தது, "அப்போ வோல்டேஜ் அளவை மாத்திடலாம்" என்பதுதான். மன்னிப்புக் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை. ஒரு வாரம் போனபின் கேட்பது அசிங்கமாகத் தோன்றியது. அப்படியே நான்கு வருடம் போயிற்று.

அதன்பின் அவர் என்னோடு முகம் கொடுத்துத்தான் பேசினார். கிருத்திகைக்குக் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் தாமதமாக வந்தால் என்னிடம்தான் புலம்புவார். ஆனால் எனக்கு அனுப்புகிற ஒவ்வொரு வேலையோடும், எதைத் தேடினேன், எங்கே தேடினேன், என்ன வந்தது என்று முழுப் பட்டியல் சேர்ந்து வரும். நான் கேட்டதில்லை. மற்றவர்களுக்கு அப்படி அனுப்பவும் மாட்டார், பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நான்கு வருடமும் என்னிடம் மட்டும் தன்னை நிரூபித்துக்கொண்டே இருந்தார். ஒரு நாளாவது, "இது வேண்டாம் ரேணுகா, நான் நம்புகிறேன்" என்று சொல்லியிருக்கலாம். பாவி, சொல்லவில்லை.

காரியத்தன்று பொதட்டூர்பேட்டைக்குப் போயிருந்தேன். துக்கத்துக்காகத் தெருவில் இரண்டு தறிகளை நிறுத்தியிருந்தார்கள், மற்றவை ஓடிக்கொண்டிருந்தன. சேகர் பாவா நேரே என்னிடம் வந்தார். ஆதாரம் கேட்டதற்கு நான்கு வார்த்தை கேட்கத்தான் போகிறார் என்று தயாராக நின்றேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ரேணுகா சொல்லினே இருக்கும்ங்க. ஆபீஸ்ல ஒரு தபா அது மேல பழி வந்தப்போ, நீங்க ஒருத்தருதான் கூட நின்னு பேசினீங்களாமே. முரளி சார் இல்லைன்னா என் மானம் போயிருக்கும் பாவான்னு சொல்லும். நீங்க நல்லா இருக்கணும்."

ரேணுகாவின் அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். நான் மறுக்கவில்லை. இலை போட்டார்கள், உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ரேணுகா ஏன் அப்படிச் சொன்னார்? அங்கிருந்து திரும்பிய நாளிலிருந்து இதைத்தான் நோண்டிக்கொண்டிருக்கிறேன். உண்மை தெரிந்தால் பாவா மாடி ஏறிவந்து என் சட்டையைப் பிடித்திருப்பார், அதைத் தவிர்க்கவா? வேலையை விடு என்று அக்கா சொல்லிவிடுவார் என்றா? இல்லை, என்றைக்காவது ஒரு நாள் இது என் காதுக்கு வரும் என்று தெரிந்தே சொன்னாரா? செத்துப்போனவரையும் என் புத்தி விசாரணைக்கு நிறுத்துகிறது. வெறும் நல்ல மனசால் சொல்லியிருப்பார் என்று நினைக்க ஆசைதான், முடியவில்லை. அப்படி இருந்தால் என்னால் தாங்க முடியாது.

பொதட்டூர்பேட்டையில் எனக்கு ஒரு நல்ல பெயர் இருக்கிறது. ரேணுகா என்னிடம் விட்டுப்போனது அது ஒன்றுதான். ஒன்பது வருடம் எதிரில் இருந்தவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவர் சொன்ன ஒரே பொய். அதை வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. சேகர் பாவா, அக்காவுக்கும் படித்துக் காட்டுங்கள். அன்றைக்கு உங்கள் ரேணுகாவுக்காக யாரும் பேசவில்லை. அவரே பேசிக்கொண்டார். பழியைப் போட்டவன் நான்.