லாத்தீரின் எஜமான்

லாத்தீர் ஜூஃப் என் அடிமை. பிறந்த அன்றைக்கே அவனை எட்டிப் பார்த்து, "காலைப் பாருங்கய்யா, என் மாட்டுக் கொட்டகைக்கு ரெண்டு தூண் கிடைச்சாச்சு" என்று சொன்னவன் நான். பெற்ற களைப்பிலும் அவன் அம்மா தெனிங் சும்மா விடவில்லை. "மாடு உன்னோடதா, இல்ல ராத்திரி யார் வீட்டுல இருந்தாவது ஓட்டிட்டு வந்ததா?" என்று கேட்டாள்.

நான் ஃபுலா, மாடு மேய்க்கிற கூட்டம். அவர்கள் செரேர், பயிரிட்டு மீன்பிடிக்கிற கூட்டம். எங்கள் இரண்டு கூட்டத்துக்கும் கேலி முறை. நான் அவர்களை அடிமை என்பேன், சோற்றுப்பானை என்பேன். அவர்கள் என்னை மாட்டுத்திருடன் என்பார்கள். யாருக்கும் கோபம் வரக் கூடாது. கல்யாணமோ சாவோ, முறைக்காரன் நடுவில் போய் உட்கார்ந்து வழியை மறித்தால், கையில் ஒரு காசு வைத்துத்தான் எழுப்ப வேண்டும். காசு வந்ததும் அவனும் மறுபேச்சில்லாமல் எழுந்துவிட வேண்டும்.

டக்காருக்குத் தெற்கே கடலோர ஊரான ம்பூரில் அவர்கள் வீட்டின் முன்னறைதான் என் தையல்கடை. அந்தப் பையனுக்கு நான் தைத்த கால்சட்டை ஒன்றாவது ஒரு வருஷம் தாங்கியதா என்று கேளுங்கள். தைத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் கணுக்கால் தெரியும். "சோத்தைக் குறைடா, துணிக்கு நான் எங்க போவேன்" என்று கத்துவேன். "கஞ்சப் பயலே, இன்னும் நாலு விரல் விட்டுத் தைக்கிறதுக்கு என்ன?" என்று பதில் வரும்.

அவன் சின்னப் பையனாக இருந்தபோதே அப்பன் போய்விட்டான். மீன்பிடிக்கிறவன், நல்ல பலசாலி, ஒரு நாள்கூடத் தலைவலி என்று படுத்தவனில்லை. காலையில் எல்லோரோடும் சேர்ந்து படகைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தான். ஏதோ பேசிச் சிரித்தவன், அப்படியே மணலில் சாய்ந்தான். அவ்வளவுதான். காற்று அடித்துவிட்டது என்றார்கள் சிலர், கண்பட்டுவிட்டது என்றார்கள் சிலர். தெனிங் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பையனை மட்டும் அதற்குப் பிறகு கடல் பக்கம் விடவில்லை.

பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் அவன் உயரத்தைப் பார்த்துவிட்டு, கூடைப்பந்துக்கு அனுப்பச் சொல்லி வீட்டுக்கே வந்தார். தெனிங் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அதுல யாராவது செத்திருக்காங்களா?" வாத்தியார் சிரித்துவிட்டார். "பந்து விளையாடி யாரும்மா சாவாங்க?" அன்றைக்கே அனுப்பிவிட்டாள்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. தியெஸில் விடுதியோடு ஒரு பயிற்சிக்கூடம். அங்கே சாப்பாடும் போட்டு, படிப்பும் சொல்லிக் கொடுத்து, வளையத்துக்கடியில் நின்று எதிராளியை எப்படி முதுகால் தள்ளுவது என்றும் கற்றுக் கொடுத்தார்கள். அடுத்து டக்காரில் ஒரு குழு, பிறகு மொராக்கோவில் சம்பளத்துக்கு ஒரு வருஷம். அந்த வருஷம் வீட்டுக்குக் கான்கிரீட் கூரை வந்தது. நான் என் தையல் மெஷினை ஒழுகாத கூரைக்கடியில் வைத்து, "அடிமை உழைச்சான், எஜமான் நனையல" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். அடுத்தது ஸ்பெயின். ஒப்பந்தம் வந்த அன்று தெனிங் பெரிய அண்டாவில் மீன்சோறு ஆக்கினாள். வழியில் போனவனெல்லாம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனான்.

போனவன் ஒரு மாதம்கூட ஆகாமல் திரும்பி வந்துவிட்டான். லீவு என்றான். தெரு நம்பியது. பிள்ளையைப் பார்த்த சந்தோஷத்தில் தெனிங்கும் நம்பினாள்.

கால்சட்டைக்கு அளவெடுக்கக் கடைக்கு வந்தான். "என்னடா, வெள்ளைக்காரன் உனக்கு ஆக்கிப் போட்டு முடியலன்னு திருப்பி அனுப்பிட்டானா?" என்றேன். வழக்கமாக உடனே பதில் வரும். அன்றைக்கு அவன் கதவைத்தான் பார்த்தான். இடுப்பில் டேப்பைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தேன்.

"மாமா, கதவைச் சாத்து" என்றான்.

குழுவில் சேர்வதற்கு முன் உடம்பைச் சோதித்திருக்கிறார்கள். நெஞ்சில் ஏதோ தடவி, திரையில் இதயத்தைப் பார்த்தாராம் டாக்டர். இதயத்தின் சுவர் தடித்திருக்கிறதாம். பிறவியிலேயே வந்ததாம். ஓடும்போது எந்த நிமிஷமும் நின்றுவிடலாம். ஒப்பந்தத்தைக் கிழித்துவிட்டார்கள். டக்காரிலும் ஒரு பெரிய டாக்டரிடம் போனான். அவரும் அதையேதான் சொன்னார்.

"மருந்து?"

"இருக்கு. உயிரோட இருக்கறதுக்கு இருக்கு. விளையாடறதுக்கு இல்ல."

"உங்க அப்பன்..."

"தெரியும் மாமா. அதனாலதான் சொல்றேன், அம்மாவுக்குத் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணித் தொலைத்தேன். வேறென்ன செய்வது? இருபத்திரண்டு வயது. நெஞ்சைத் தட்டிக் காட்டி, "எங்கயும் வலிக்கல மாமா, ஒரு சின்ன வலிகூட இல்ல, எப்படி நம்புறது?" என்கிறான். எனக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எனக்கு ஒன்றுமில்லையாம், அவனுக்குத்தானாம். இது என்ன நியாயம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

எங்கள் தெருப் பயல்கள் வேறு, ஸ்பெயின் போன வீரனுக்கு மரியாதை என்று ஒரு போட்டி ஏற்பாடு செய்துவிட்டார்கள். சீருடை தைக்கிற வேலை எனக்கே வந்தது. அவன் எண்ணை அவன் சட்டையில் நானே வைத்துத் தைத்தேன். "ஆட மாட்டேன்னு சொல்லிடுடா" என்று கெஞ்சினேன். "ஏன்னு கேப்பாங்களே. பத்து நிமிஷம் நிக்கிறேன், அவ்வளவுதான்" என்றான். அவன் கண்ணைப் பார்த்தேன். அது பத்து நிமிஷத்தில் அடங்குகிற ஆசை இல்லை.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்து ஆடுகளத்தைச் சுற்றி ஊரே நின்றது. மேளம் முழங்கியது. தெனிங் புதுத்துணி உடுத்தி முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நடுவர் பந்தை எடுத்துக்கொண்டு நடுவட்டத்துக்குப் போனார். லாத்தீர் குதிக்கத் தயாராக முழங்காலை மடக்கினான்.

நான் போய் நடுவட்டத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"இவன் என் அடிமை! என்னைக் கேட்காம யாருய்யா இவனை வேலைக்கு வச்சது?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மேளக்காரன் எனக்காகவே ஒரு அடி அடித்தான். நடுவர் சிரித்துக்கொண்டே என் கையில் நூறு பிராங்க் வைத்தார். நான் எழுந்திருக்கவில்லை. ஐந்நூறு வைத்தார்கள். எழுந்திருக்கவில்லை. "மாட்டுக்காரன் விலையை ஏத்துறான்டோய்!" என்று ஒருத்தன் கத்தினான். ஒரு கிழவர் ஆயிரம் பிராங்க் நோட்டை என் தொப்பியில் செருகினார். மேளம் ஓய்ந்துவிட்டது.

லாத்தீர் குனிந்தான். "மாமா, போதும். எழுந்திரு."

"உன் எஜமான் சொல்றேன்டா. வீட்டுக்குப் போ. போய்ப் பாத்திரம் கழுவு" என்றேன். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. கேலி செய்கிறவன் அழக் கூடாது. எனக்கு அது தெரியாதா?

தெனிங் எழுந்து வந்தாள். அவள் கையில் காசு இல்லை. என் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

"அவங்க அப்பாவுக்கு வந்ததா?" என்று என்னைக் கேட்டாள்.

சத்தியம் பண்ணியிருக்கிறேனே, நான் தரையைப் பார்த்தேன். அவள் புதுத்துணியோடு என் பக்கத்தில் அந்தச் சிமெண்ட் தரையில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. லாத்தீர் நடுவரிடமிருந்து பந்தை வாங்கி எங்கள் முன்னால் வைத்துவிட்டு நடந்து போனான்.

அன்றைக்கு அவனைக் காப்பாற்றிவிட்டேன். அன்றைக்கு மட்டும்தான்.

என் கடையில் இஸ்திரி போட்டுப் பார்த்தான். சின்னப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தான். தானே எழுந்து காட்டப் போனபோது, அதற்குள் விஷயம் தெரிந்துவிட்ட பிள்ளைகளே பயந்து "வேணாம் அண்ணே" என்றார்கள். அதிலிருந்து அங்கேயும் போகவில்லை. கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து குனிந்து வீட்டுக்குள்ளேயே திரிந்தான். ஒரு நாள் காலையில் ஆளையும் காணோம், ஆடுகிற காலணியையும் காணோம். பிறகு வேறொரு நாட்டிலிருந்து, லிப்ரவில் என்ற ஊரிலிருந்து, அவன் போன் வந்தது. அங்கே ஒரு குழுவுக்கு உயரமான ஆள் வேண்டுமாம். நெஞ்சில் எதையும் வைத்துப் பார்க்க மாட்டார்களாம்.

"வந்துடுடா" என்று தெனிங் அழுதாள்.

"எனக்கு வேற என்னம்மா தெரியும்?" என்றான்.

தெனிங் போனை என் கையில் திணித்துவிட்டு வாசலுக்குப் போனாள்.

ஆட்டம் இருக்கிற நாளெல்லாம் தெனிங் என் கடைக்கு வந்து உட்கார்ந்துவிடுவாள். ஆட்டம் முடிந்து அவன் போன் பண்ணும்வரை அசைய மாட்டாள். போன வெள்ளிக்கிழமை திடீரென்று கேட்டாள்.

"யோரோ, அந்த ஊர்ல ஃபுலா யாருமே இல்லையா?"

"ஃபுலா இல்லாத ஊர் ஏது தெனிங்? கடை வச்சிருப்பான்."

"அப்ப சொல்லேன். போய் நடுவுல உட்காரச் சொல்லேன்."

பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் துணிக்கடைக்காரனைப் பிடித்து, அவன் மச்சானைப் பிடித்து, லிப்ரவில்லில் வெங்காயம் விற்கிற அல்ஃபா என்ற ஃபுலாவின் நம்பரை வாங்கிவிட்டேன். தெனிங்கை எதிரில் வைத்துக்கொண்டே பேசினேன். என் செரேர் ஒருத்தன் அந்த ஊரில் ஆடுகிறான், அவனை ஆடவிடாதே, நடுவில் போய் உட்கார் என்றேன்.

"ஆஹா!" என்றான் அல்ஃபா. "அடிமை ஓடிப்போயிட்டானா? கவலைப்படாதண்ணே, பிடிச்சுக் கட்டி வெங்காய மூட்டையோட மூட்டையா அனுப்பி வைக்கிறேன்!"

"தம்பி, இது கேலி இல்ல. அவனுக்கு இதயத்துல கோளாறு."

"செரேருக்கு இதயமா? வயிறு மட்டும்தானேண்ணே இருக்கும்!"

விழுந்து விழுந்து சிரித்தான். நான் மறுபடி சொன்னேன். மறுபடி சிரித்தான். பக்கத்தில் இருப்பவர்களையும் கூப்பிட்டு, ம்பூரிலிருந்து ஒரு எஜமான் பேசுகிறார் என்று சொன்னான். அவர்களும் சிரித்தார்கள்.

தெனிங் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்றான்?" என்றாள். "போறானாமா?"

போனில் அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.