என் மகளின் வெட்டிழுப்பும் என் கைகளும்

முதலில் கண்தான். என் மகள் தெரசாவுக்கு அப்போது ஏழு வயது. தருமபுரி தனி மாவட்டமாகி மூன்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்த காலம். காலையில் களி தின்றுகொண்டிருந்தவள் படபடவென்று கண்ணைச் சிமிட்டினாள். தூசி விழுந்திருக்கும் என்று அவள் அம்மா ஆரோக்கியம் சேலைத் தலைப்பைச் சுருட்டி, வாயால் ஊதி ஒற்றடம் வைத்தாள். சிமிட்டல் நிற்கவில்லை.

ஒரு மாதத்தில் அது தோளுக்கு இறங்கியது. யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல் வலது தோள் வெட்டும். பிறகு கழுத்து. அது ஒரு பக்கமாகச் சொடுக்கும்போது தொண்டையிலிருந்து செருமலைப்போல ஒரு சத்தம் வரும். ஊர் வைத்தியர் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார். பூச்சி விழுந்தது. வெட்டு அப்படியே இருந்தது.

இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு தவிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் செய்ததை மறைக்காமல் சொல்கிறேன். அதில் பெரும்பகுதி நீங்கள் செய்யக்கூடாதது.

நான் ஒகேனக்கல் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். நாள் முழுக்க என் வாயில் இருந்த சொல் ‘ரைட்’. எட்டு வயதில் தெரசாவை அந்தச் சொல் பிடித்துக்கொண்டது. சாப்பிடும்போது, செபம் சொல்லும்போது, வகுப்பில் எல்லோரும் எழுதிக்கொண்டிருக்கும்போது, ‘ரைட்! ரைட்!’ என்று என் குரலிலேயே கத்துவாள். டீச்சர் ஸ்கேலால் விரல் முட்டியில் அடித்தார். நன்றாக அடியுங்கள் என்று நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். என்னைக் கேலி செய்கிறாள் என்றே நினைத்தேன். வீட்டில் முதலில் கையால் அடித்தேன். பிறகு பெல்ட்டால்.

அடித்தால் சில நிமிடம் அடங்கும். என்னை ஏமாற்றியது அதுதான். “பாத்தியா, வேணும்னுதான் பண்றா” என்பேன் ஆரோக்கியத்திடம். அடக்கிவைத்தது கொஞ்ச நேரத்தில் இரண்டு மடங்காக வெடிக்கும். மறுபடி அடிப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இருவரையும் என் பஸ்ஸிலேயே அழைத்து வந்தேன். பென்னாகரத்துக்கு முந்தைய நிறுத்தத்தில் ஒரு பெரியவர் மூட்டையோடு இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு கால் தரையில், ஒரு கால் படியில். ‘ரைட்!’ என்றாள் தெரசா. டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். பெரியவர் விழுந்தார். பின்சக்கரம் அவர் பாதத்தின் மேல் ஏறியது.

சனங்கள் இறங்கி ஓடிவந்தார்கள். ஒருவன் என் சட்டையைப் பிடித்து மூக்கில் குத்தினான். இன்னொருவன் தெரசாவின் சடையைப் பிடித்துக் கீழே தள்ளினான். ஆரோக்கியம் அவள்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். உதையெல்லாம் அவள் முதுகில் விழுந்தது. அவளுக்கு அடியில் கிடந்த குழந்தை நிறுத்தாமல் ‘ரைட், ரைட்’ என்று கத்திக்கொண்டே இருந்தாள்.

பெரியவர் பிழைத்தார். கால்விரல் இரண்டை எடுக்க வேண்டியதாயிற்று. என் வேலை போயிற்று.

மூன்றாம் நாள் என் அண்ணன், சூடு போடுகிற ஒருவரை அழைத்து வந்தார். ஆரோக்கியம் கடலைக்காட்டில் களை எடுக்கப் போயிருந்தாள். “மாட்டுக்கு வர்ற இழுப்பே நின்னு போவுது. புள்ளைக்கு நிக்காதா?” என்றார் அண்ணன். அவர் தெரசாவின் கைகளைப் பிடித்துக்கொண்டார். நான் கால்களைப் பிடித்தேன்.

அடுப்பில் சிவந்த கம்பியைப் பிடரியில் இரண்டு முறை வைத்தார்கள். தோல் பொசுங்கும் வாடை வந்தது. “அப்பா, இனிமே பண்ணமாட்டன்ப்பா” என்று அலறினாள். அலறும்போதே தோள் வெட்டியது. நான் காலை விடவில்லை. கம்பியை மறுபடி அடுப்பில் வைத்தார்கள்.

அலறல் கேட்டு ஆரோக்கியம் ஓடிவந்தாள். களைக்கொத்தைத் தூக்கி எறிந்தாள். அது சூடு போட்டவரின் தோளில் பட்டது. அவர் விழுந்தடித்து ஓடினார். அண்ணனை நெஞ்சில் தள்ளினாள். அடுப்பிலிருந்து கம்பியை எடுத்தாள். வெளியே எறியப் போகிறாள் என்று நினைத்தேன். என் முழங்கைக்குக் கீழே வைத்து அழுத்தினாள்.

நான் கத்தினேன்.

“என்னாத்துக்குக் கத்தற? வேணும்னுதானே கத்தற? நிறுத்து பாக்கலாம். நிறுத்துடா!”

பதினோரு வருட வாழ்க்கையில் அவள் என்னை ‘டா’ போட்டது அன்று ஒருமுறைதான்.

தெரசாவின் புண் சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்தது. தருமபுரி ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவளை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். புண்ணைக் கழுவிய டாக்டரம்மா இளவயதுக்காரர். என் கைக்கட்டைப் பார்த்து, “இது என்னங்க?” என்றார்.

“நான் வெச்சதுங்க” என்றாள் ஆரோக்கியம்.

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கேட்டார். “தூங்கறப்ப இந்த வெட்டு இருக்குதா?”

“அனேகமா இருக்காதுங்க. அப்பத்தான் புள்ள சும்மா கிடக்கும்.”

“கொஞ்ச நேரம் அடக்க முடியுதா?”

“முடியுதுங்க. அப்புறம் ரொம்ப வந்துருதுங்க.”

“இது பேயும் இல்ல, கொழுப்பும் இல்லைங்க. வியாதி. தும்மல் வர்றப்ப நீங்க எவ்வளவு நேரம் அடக்குவீங்க? அவளுக்கு நாளெல்லாம் தும்மல் வருதுன்னு வெச்சுக்குங்க.”

இரண்டு வருடம் என் வீட்டில் நடந்ததைப் புரிந்துகொள்ள எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. அது ஏன் முன்பே என் தலையில் ஏறவில்லை என்று இன்றும் தெரியவில்லை.

அவர் கொடுத்த கடிதத்தோடு ரயிலேறிப் பெங்களூர் போனோம். அங்கே நரம்பு மருத்துவர் பெயர் சொன்னார்: டூரெட் நோய்க்குறி (உடலிலும் குரலிலும் நினையாமல் திரும்பத் திரும்ப வரும் வெட்டிழுப்பு). முழுவதும் தீர்க்க மருந்து இல்லை, வயது ஏறும்போது பலருக்குக் குறையும் என்றார். மூளை நரம்புகளைத் தணிக்க ஒரு மாத்திரை தந்தார்.

நான்காம் நாள் அவள் கழுத்து பின்பக்கமாக முறுக்கிக்கொண்டது. கண்கள் மேலே செருகி நின்றன. நாக்கு வெளியே தள்ளியது. “பேய் இல்லேன்னியே, இப்ப பாரு” என்று அண்ணன் வாசலில் நின்று கத்தினார். நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி, போகிற லாரியை மறித்து ஏறினேன். அது அந்த மருந்தால் வரும் தசைமுறுக்கு (பக்கவிளைவு). டாக்டரம்மா ஊசி போட்டார். அரைமணிக்குள் கழுத்து நேராயிற்று. பிறகு மாத்திரையின் அளவைக் குறைத்துக் கொடுத்தார்கள்.

மாத்திரை பாதிதான் செய்தது. மீதி நாங்கள் பழகியது. வெட்டு வந்தால் பார்க்காமல் இருப்பது. ‘நிறுத்து’ என்று சொல்லாமல் இருப்பது. ரொம்ப வந்தால் தோட்டத்துக்குப் போய்க் கத்திவிட்டு வர விடுவது.

பள்ளிக்கூடத்துக்கு நானே போனேன். “அடிக்கச் சொன்னது நான்தாங்க டீச்சர். வேணாம்னு சொல்லவும் நானே வந்தன்.” நான் நீட்டிய டாக்டர் கடிதத்தை அவர் இரண்டு முறை படித்துவிட்டு, ஸ்கேலை மேசை இழுப்பறைக்குள் வைத்தார். கடைசி பெஞ்சில், கதவோரம் அவளுக்கு இடம் கொடுத்தார். எழுந்து வெளியே போக அனுமதி கேட்க வேண்டாம் என்றும் சொன்னார்.

அவளுக்குப் பத்து வயது இருக்கும்போது, வரப்பில் உட்கார்ந்திருந்தவளிடம் உள்ளே எப்படி இருக்கும் என்று கேட்டேன். அதுவரை நான் கேட்டதே இல்லை.

“கழுத்துக்குள்ள அரிக்கற மாதிரிப்பா. சொடுக்குனா போயிரும். மறுபடியும் வரும். நீ அடிக்கறப்பவும் அதுதான் வரும். வலிக்கறதுக்கு முன்னாலயே அது வந்துரும்.”

அவளால் முடியாத ஒன்றுக்காக அடித்தேன். என் கையை அடக்குவது என்னால் முடிகிற காரியமாக இருந்தது. இதை எழுதுவதற்குள் பேனாவை மூன்று முறை கீழே வைத்துவிட்டேன்.

ஒரு காலத்தில் எங்கள் வீட்டில் பொழுது மணிக்கணக்கில் போகவில்லை. ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில்தான் மூச்சு விட்டோம். அந்த இடைவெளி நீண்டு, ஒருநாள் கவனிக்க மறந்துபோனோம். இப்போது தெரசாவுக்குப் பதினாறு வயது. களைத்திருக்கும்போது கண் சிமிட்டும். எப்போதாவது தோள் அசையும். அவ்வளவுதான்.

போன மாதம் பரணிலிருந்து முறத்தை எடுக்கக் கையைத் தூக்கினேன். பக்கத்தில் கடலை உரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று குனிந்து இரண்டு கையாலும் பிடரியை மூடிக்கொண்டாள். அடுத்த நொடி வெட்கப்பட்டுச் சிரித்தாள். “தன்னால வந்துருச்சுப்பா” என்றாள். அது நோய் தந்த அசைவு அல்ல. நான் தந்தது. அதற்கு மாத்திரை இல்லை என்று எனக்குத் தெரியும்.

அன்றுமுதல் என் உடம்பை வேறு விதமாக நடத்துகிறேன். எழுந்திருப்பது, திரும்புவது எல்லாம் மெதுவாகத்தான். அவள் பக்கத்தில் இருக்கும்போது முதலில் சொல்லிவிடுகிறேன்.

“தெரசா, கைய தூக்கறன்மா.”

“சரிப்பா” என்கிறாள். அதற்குப் பிறகுதான் தூக்குகிறேன்.