மகளைக் காட்டப் போன கிளினிக்

என் மகள் நான்காம் வகுப்பில் இருந்தபோது ஒரே பள்ளித் தவணையில் மூன்று தண்ணீர்ப் போத்தல்களையும் ஒரு சப்பாத்தையும் தொலைத்தாள். ஒற்றைச் சப்பாத்து எப்படித் தொலையும் என்று மனைவி கேட்டாள். மகளுக்கும் அது விளங்கவில்லை.

கடலோரத்திலிருந்த பள்ளிக்கூடத்துக்கு வகுப்பு ரீச்சர் எங்களைக் கூப்பிட்டார்.

"பிள்ளை கெட்டிக்காரி. ஆனா கணக்கைப் பாதியில விட்டிடுறா. ஏனெண்டு கேட்டா, யன்னலுக்கால கப்பல் போகுதாம்."

"கப்பல் போனதுதானே?" என்றேன். மனைவி என் காலை மிதித்தாள்.

வீட்டில் விசாரணை தொடங்கியது. மாமி சீனியைக் குற்றம் சொன்னார். குச்சவெளியிலிருந்து வந்த அக்கா, கண்ணூறு என்று சொல்லிச் செத்தல் மிளகாய் சுற்றி நெருப்பில் போட்டார். லிங்கநகரில் எங்கள் ஒழுங்கையே வீட்டுக்கு வீடு இருமியது. நான் படித்தவன் அல்லவா? அதனால் தினமும் மகளைப் பார்த்துக் கத்தினேன்.

கடைசியில் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போனோம். இது எப்போது தொடங்கியது, வீட்டிலும் இப்படித்தானா, கண்ணும் காதும் சோதித்தோமா, நித்திரை எப்படி என்று டொக்டர் அம்மா நிதானமாகக் கேட்டார். நித்திரையைப் பற்றிச் சொல்லத் தொடங்கிய நான், நுளம்புக்கடிக்குத் தாவி, மாநகரசபை துப்புரவாக்காத சாக்கடைக் கானில் வந்து நின்றேன். கதிரையில் மகள் சும்மா இருந்தாள். என் கால்தான் ஆடிக்கொண்டிருந்தது. டொக்டர் அதைப் பார்த்தார்.

"சின்னனில நீங்கள் எப்பிடி?"

"நான் ஒழுங்கான பிள்ளை."

"டொக்டர், இவர் எங்கட கலியாணத்துக்கே பிந்தி வந்தவர்," என்றாள் மனைவி.

டொக்டர் சிரிக்கவில்லை. வீட்டில் சொன்ன காரணங்களையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சீனியும் இல்லை, கண்ணூறும் இல்லை. இவவுக்கு இருக்கிறது கவனக் குறைபாடு. அது கனபேருக்குப் பரம்பரையில வாறது. பேசியும் அடிச்சும் மாத்த ஏலாது. இவ வேணுமெண்டு செய்யேல்லை."

அந்தக் கடைசி வசனம் எங்கேயோ குத்தியது. என் பள்ளிக்கூடத்தில் இதற்குப் பிரம்புதான் மருந்து. நானும் வேண்டுமென்று செய்யவில்லை என்று அப்போது சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

பின்னேரம் மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். நீளமான பேச்சொன்றை யோசித்து வைத்திருந்தேன். "சரி அப்பா," என்று பாதியிலேயே எழும்பிப் பூனைக்குப் பின்னால் போய்விட்டாள்.

ரீச்சர் அவளை முன்வரிசை வாங்குக்கு மாற்றினார். ஐந்து கணக்குச் செய்தால் எழும்பிப்போய் மற்றப் பிள்ளைகளின் கொப்பிகளைச் சேர்க்கலாம் என்று ஏற்பாடு. அது நன்றாகவே நடக்கிறது. மனைவி எனக்கும் கிளினிக்கில் ஒரு நாள் எடுத்துத் தந்தாள். அந்த நாள் போன கிழமையே கடந்துவிட்டதாம்.