சியோல் தூரம், டொராண்டோ பக்கம்

இருங்காட்டுக்கோட்டையில், காருக்கு ஒயரிங் செய்யும் ஒரு கம்பெனியில், நான் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். ஆறு மாதப் பயிற்சிக்குச் சியோல் போக எங்கள் லைனிலிருந்து என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். மண்ணூரில் எங்கள் வீட்டுக்கு அந்தச் சேதியோடு போன அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அத்தைதான் பிடித்து இறக்கினாள். அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

“இன்னா தூரம்டி அது?”

ஃபோனில் தேடிக் காட்டினேன். விமானம் பறக்கும் தூரம் ஐயாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் சொச்சம். நடுவில் ஓரிடத்தில் இறங்கி மாறவேண்டும். காத்திருப்பதையும் சேர்த்தால் அரை நாளுக்கு மேல்.

“கண்காணாத தேசம். ஒரு அவசரம்னா ஓடியாற முடியுமா? நாங்க வயித்துல நெருப்பக் கட்டிக்கினு இருக்கணுமா?”

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். அப்பா வழக்கம்போல மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமே அத்தை ஒரு வரனோடு வந்தாள். மாப்பிள்ளைக்கு டொராண்டோவில் வேலையாம், தங்கமான பையனாம், கல்யாணம் முடிந்த கையோடு என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவானாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுபடி ஃபோனை எடுத்து அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

“பாரு அத்தை. சியோலைவிட ரெண்டு மடங்குக்கு மேல. போய்ச் சேர முழுசா ஒரு நாள். இது மட்டும் கண்ணுக்குத் தெரியுற தேசமா?”

“அங்க புருசன் கூட இருப்பான்டி. ஃபிளைட்ல ஏறித் தூங்கி எழுந்தா ஊரு வந்துடும். இதெல்லாம் ஒரு தூரமா?”

தாலி இருந்தால் விமானம் வேகமாகப் பறக்கும் போலிருக்கிறது. அதையும் வாய்விட்டுச் சொன்னேன். பெண்ணுக்கு வாய் நீளம் என்று அத்தை அப்பாவிடம் முறையிட்டாள். நீளம்தான், அதற்கு இப்போது என்ன?

அப்போது அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். போளூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். அத்தை எதிரில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அன்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அண்ணி, என்னையும் பக்கம்னு சொல்லித்தான் கட்டிக்கினு வந்தீங்க. எங்கம்மாவுக்கு முடியலன்னு சேதி வந்தப்ப, அறுப்பு முடியட்டும், அப்பறம் போலாம்னு நீங்கதான் சொன்னீங்க. நான் போறதுக்குள்ள எடுத்துட்டாங்க. எங்கம்மா மூஞ்சியக்கூட நான் பாக்கல.”

அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா விடவில்லை.

“பஸ்ஸு நாலு மணி நேரந்தான் அண்ணி. உங்ககிட்ட உத்தரவு வாங்கத்தான் நாலு நாளாச்சு. ஒரு அவசரம்னா எம்பொண்ணு யாரையும் கேக்காம டிக்கெட் எடுத்துக்கினு வந்துடுவா.”

நான் அங்கேயே, எல்லோர் எதிரிலும், சூப்பர்வைசருக்கு ஃபோன் போட்டு, சியோலுக்குப் போகிறேன் என்று சொன்னேன்.